90களின் படுமோசமான பாட்டு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1995, 96 இரண்டு வருஷமும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள், நான் கேசட்டில் ஏற்றித் தருவேன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தலில் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு இந்தப் பேச்சை ஆரம்பித்தால் இன்றைக்கும் பஞ்சாயத்து என்னிடம்தான் வருகிறது. திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எதைப் பற்றிய சண்டை?

1990 முதல் 1999 வரை வந்த தமிழ் சினிமாப் பாட்டுகளில் எது ரொம்ப மோசம் என்பது பற்றி. ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பாட்டு ஓடியிருக்க வேண்டும். டீக்கடை, டவுன் பஸ், கோவில் கொடை என்று எல்லா இடத்திலும் ஒலித்திருக்க வேண்டும். ஓடாத பாட்டைத் திட்டுவதில் யாருக்கும் சுகம் இல்லை.

இத்தனை வருஷமாகியும் ஏன் முடியவில்லை?

நான் கவனித்த வரையில், ஒரு பாட்டை மோசம் என்பவர் பேசுவது வரியைப் பற்றி. அதே பாட்டை நல்லாயிருக்கு என்பவர் பேசுவது மெட்டையும் தாளத்தையும் பற்றி. “இது என்னய்யா வார்த்தை?” என்று ஒருவர் கேட்பார். “அந்த அடியைக் கேட்டீங்களா?” என்று மற்றவர் சொல்வார். அவர் கேட்ட கேள்வி வேறு, இவர் சொன்ன பதில் வேறு. இப்படியே ராத்திரி பதினோரு மணி வரை போகும்.

இன்னொன்றும் உண்டு. வெளியே சொல்லும் ருசியும் வீட்டுக்குள் இருக்கும் ருசியும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கடைக்கு ஒரு வாத்தியார் வருவார். பழைய பாட்டு மட்டும்தான் கேட்பார், இப்போது வருவதெல்லாம் குப்பை என்று கடை வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுவார். ஒருநாள் அவர் கொடுத்த பட்டியலை ஏற்றி முடித்தால் பி பக்கத்தில் நாலு நிமிஷம் மிச்சம். “அதுல என்ன சார் போட?” என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, “அந்த முக்காலா இருக்குல்ல, அதைப் போட்டுரு. கார்டுல பேர் எழுதாத தம்பி” என்றார். கேசட் அட்டையில் கடைசி வரியைக் காலியாக விட்டுத்தான் கொடுத்தேன்.

அர்த்தமே இல்லாத பாட்டு மோசமான பாட்டுதானே?

இந்தக் கேள்வி வந்தால் முதலில் இழுக்கப்படுவது ‘காதலன்’ (1994) படத்து ‘முக்காலா முக்காபுலா’. வாலி எழுதி, மனோவும் ஸ்வர்ணலதாவும் பாடியது. இதற்கு முந்தைய வருஷம் ‘ஜென்டில்மேன்’ படத்தில் வந்த ‘சிக்குபுக்கு ரயிலே’யும் வாலிதான். ரயில் சத்தத்தைப் பல்லவியாக்கினால் அது கவிதையா என்று கேட்டவர்களில் என் தமிழய்யாவும் ஒருவர்.

சரி, கணக்கைப் பார்க்கலாம். ‘மின்சார கனவு’ படத்தில் ‘ஊ லலலா’ என்று ஆரம்பிக்கும் பாட்டைப் பாடியதற்காகத்தான் சித்ராவுக்கு 1996ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. விருதுப் பட்டியலில் ‘மானாமதுரை’ என்று கௌரவமாகப் போட்டிருப்பார்கள், பாட்டு அதேதான். ‘முதல்வன்’ (1999) படத்தின் ‘ஷகலக பேபி’ 2002இல் லண்டனில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இசை நாடகத்தில் மேடை ஏறியது. அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரருக்கும் ‘ஷகலக’வுக்கு அர்த்தம் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த விஷயத்தில் இருவரும் சமம்.

அதோடு, இது 90களின் நோயும் இல்லை. ‘டிங்கிரி டிங்காலே’ 1958. நாற்று நடும்போது வரும் ‘ஏலேலோ’வுக்கும் தாலாட்டின் ‘ஆராரோ’வுக்கும் அகராதியில் என்ன பொருள்? கச்சேரி முடிகிற நேரத்தில் பாடும் தில்லானாவில் பெரும்பகுதி ஜதிதான், அதற்குத் தலையாட்டுகிறோம். அர்த்தமில்லாத சொல் தப்பே இல்லை. அர்த்தம் இருப்பதுபோல நடிக்கும் சொல்தான் தப்பு. நிலவு, மலர், இதயம், உதயம் என்று நாலு சொல்லைக் குலுக்கிப் போட்டு எழுதிய எத்தனையோ ‘மெலடி’களை யாரும் மோசம் என்று சொல்வதில்லை, மெதுவாகப் போகின்றன என்ற ஒரே காரணத்துக்காக.

ரகுமான் வந்த பிறகுதான் பாட்டு இரைச்சலாகிவிட்டது என்கிறார் அப்பா. உண்மையா?

அப்பா கேட்டது இரைச்சல்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அவர் எதில் கேட்டார் என்று பாருங்கள்.

‘ரோஜா’ 1992 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன் பாட்டுப் பதிவு என்றால் பெரிய கூடத்தில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பது, பாடகர் அதோடு சேர்ந்து பாடுவது. ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு இருந்த ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனி டிராக்கில் பிடித்து, அடுக்கடுக்காகச் சேர்த்தார். அடியில் கனமான பேஸ், மேலே சின்னச் சின்னச் சத்தங்கள், நடுவில் குரல். நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் மூன்றும் பிரிந்து தெரியும்.

நம் ஊர் மைக் செட்டில் இருந்ததோ பனைமரத்தில் கட்டிய கூம்புக் குழாய். குழாயில் பேஸ் வராது, அதன் வடிவமே அப்படி. குரல் நாலு ஊருக்குக் கேட்க வேண்டும் என்று செய்தது அது. ஆக, ‘காதலன்’ கேசட்டை அதில் போட்டால் அடித்தளம் முழுக்கக் காணாமல் போய், மேலே இருக்கும் ‘டிஸ்க் டிஸ்க்’ மட்டும் காதில் குத்தும். அதே குழாயில் டி.எம்.எஸ். பாட்டு கணீரென்று வரும், தேவாவின் கானாவும் வரும். கடையில் இரண்டு பெட்டி வைத்த டெக்கில் நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டும், அப்பா வயலில் நின்று கேட்ட பாட்டும் உண்மையில் ஒரே பாட்டு இல்லை.

வரி புரியவில்லை என்ற புகாரில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சில பாட்டுகளில் குரலை வேண்டுமென்றே வாத்தியத்துக்குள் புதைத்திருப்பார்கள். வைரமுத்துவின் நல்ல வரிகள் சில, அட்டையில் அச்சடித்த பாடல் வரியைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தன.

தேவா எல்லாவற்றையும் காப்பி அடித்தாரே, அவர் பாட்டுதானே மோசம்?

இரண்டு குற்றச்சாட்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒரு மெட்டு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அது நல்ல பாட்டா என்பது வேறு கேள்வி.

60களின் இசையமைப்பாளர் வேதாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965) படத்தின் ‘ஓராயிரம் பார்வையிலே’ இந்தி மெட்டு. 1963இல் வந்த ‘உஸ்தாதோங் கே உஸ்தாத்’ படத்துப் பாட்டு அப்படியே. ஆனால் கண்ணதாசன் வரியும் டி.எம்.எஸ். குரலும் சேர்ந்து, இன்றைக்கு எந்தத் தமிழனும் அதைக் காப்பி என்று தூக்கிப் போடத் தயாரில்லை. அறுபது வருஷம் ஆனால் மன்னிப்பு, முப்பது வருஷம் ஆனால் கேலியா?

தேவாவுக்கு எதிராகச் சொல்ல வேண்டியது வேறு. 90களின் நடுவில் அவர் கையில் இருந்த படங்களின் எண்ணிக்கை அதிகம். ஒரு கேசட்டில் இரண்டு பாட்டு உயிரோடு இருக்கும், மிச்சம் இடத்தை அடைக்கும். ஆனால் ‘பாட்ஷா’வும் (1995) ‘காதல் கோட்டை’யும் (1996) அதே ஆள்தான். ‘காதல் கோட்டை’யில் ‘நலம் நலமறிய ஆவல்’ ஒரு பக்கம், அவரே பாடிய ‘கவலைப்படாதே சகோதரா’ இன்னொரு பக்கம். முன்னதை ரசிப்பவர் பின்னதைக் குப்பை என்பார். எங்கள் கடையில் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக்கொண்டு வந்தவர்களே அதிகம்.

சென்னையின் குப்பத்துச் சாவு வீடுகளில் பாடிய கானாவை அவர் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் வரை கொண்டுவந்தார். அதை மோசம் என்றவர்கள் எல்லோருக்கும் உறுத்தியது மெட்டுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தப் பேச்சு, அந்தப் பேச்சுக்கு உரிய தெரு, அதுவும் உறுத்தியது. ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’புக்கும் அதேதான் நடந்தது. அன்றைக்கு “ரிக்‌ஷாக்காரன் பேசுறதெல்லாம் பாட்டா?” என்று என் மாமா ஒருவர் கேட்டார். இன்றைக்குத் தமிழ் ராப்பின் வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பாட்டைத் தாண்டிப் போக முடிவதில்லை.

இரட்டை அர்த்தப் பாட்டுகளை எப்படி விட்டார்கள்? சென்சார் இல்லையா?

சென்சார் பார்ப்பது படத்தை. கேசட் படத்துக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிடும், அதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை. படத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாலும் பழைய சொல் கேசட்டில் தங்கிவிடும். அதைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு: “படத்துல வர்றது வேணாம்ணே, கேசட்டுல உள்ளது.”

இந்த வகைப் பாட்டைப் பற்றி எனக்குப் பெரிய கோபம் கிடையாது. கிராமத்துத் திருவிழாவில் விடிய விடியக் கரகாட்டமும் குறவன் குறத்தியும் பார்த்து வளர்ந்தவன். அங்கே பேசும் பேச்சுக்கு முன்னால் சினிமா ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் குறத்தி திருப்பிக் கொடுப்பாள், குறவன் வாயடைத்து நிற்பான், கூட்டம் அவள் பக்கம் சிரிக்கும். சினிமாவில் திருப்பிக் கொடுக்கும் அந்தப் பாதியை வெட்டிவிட்டார்கள்.

அப்படியென்றால் உண்மையிலேயே கெட்ட பாட்டு என்று ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் நான் விளையாட்டாகப் பேசுவதில்லை.

வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் போய்ப் பாடும் பாட்டுகள். படத்தில் அவள் மூன்றாவது சரணத்தில் சிரித்துவிடுவாள். தெருவில் அப்படி நடக்காது. என் தங்கை அப்போது பிளஸ் டூ. டியூஷன் முடிந்து வரும் வழியில் ஒரு சைக்கிள் கடை. அங்கே நாலைந்து பேர், அவள் தலை தெரிந்ததும் டேப் ரிக்கார்டரின் சத்தத்தைக் கூட்டுவார்கள். அவர்கள் வாயே திறக்க வேண்டாம், பாட்டு பேசிவிடும். கேட்டால் “பாட்டுதானே போட்டோம்” என்று சொல்லிவிடலாம். அவள் இரண்டு தெரு சுற்றி வர ஆரம்பித்தாள். அந்தக் கேசட்டை ஏற்றிக் கொடுத்தது நான்தான் என்பது எனக்கு நாலு மாசம் கழித்துத்தான் உறைத்தது. அட்டையில் என் கையெழுத்து.

1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, கேலி செய்தவர்களால் உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. பாட்டு மட்டுமா காரணம் என்றால் இல்லை. ஆனால் இந்த வகைப் பாட்டுக்கு “அந்த அடியைக் கேட்டீங்களா?” என்ற பதில் என்னிடம் செல்லாது. அடி நன்றாக இருப்பதுதான் அதில் தொந்தரவே. நன்றாக இல்லாவிட்டால் சைக்கிள் கடையில் ஓடியிருக்காது.

எந்தப் பாட்டு என்று பெயர் சொல்லச் சொல்வீர்கள். சொன்னால் பேச்சு அந்த நடிகரைப் பற்றித் திரும்பிவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

வாக்கெடுப்பு வைத்து முடித்துவிடலாமே?

2002இல் பிபிசி உலக சேவை தன் 70ஆவது ஆண்டையொட்டி உலகத்திலேயே பிடித்த பாட்டு எது என்று நேயர்களிடம் ஓட்டுக் கேட்டது. முதல் இடம் ஓர் அயர்லாந்து தேசபக்திப் பாட்டு. இரண்டாவது ‘வந்தே மாதரம்’, மூன்றாவது ‘தில் தில் பாகிஸ்தான்’. நாலாவது நம்ம ‘தளபதி’யின் (1991) ‘ராக்கம்மா கையைத் தட்டு’. ஐந்தாவது ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’, திருமலை சந்திரன் பாடிய ஈழத் தமிழ்ப் பாட்டு. உலகப் புகழ் பெற்ற ஆங்கில ராக் பாட்டான ‘போஹிமியன் ராப்சடி’க்குப் பத்தாவது இடம்.

இந்தப் பட்டியலைப் பார்த்து உலகம் இசையைப் பற்றி என்ன நினைத்தது என்று சொல்ல முடியுமா? யார் தன் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு ஓட்டுப் போட வைத்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். நல்ல பாட்டுக்கே இந்தக் கதி என்றால் கெட்ட பாட்டுக்கு? ரஜினி ரசிகர் கமல் பாட்டுக்குக் குத்துவார், ராஜா ரசிகர் ரகுமான் பாட்டுக்குக் குத்துவார், ஜெயித்தது எது என்று பார்த்தால் யாருடைய சங்கம் பெரிசோ அதுவாக இருக்கும்.

வடநாட்டுப் பாடகர்கள் தமிழைக் கொன்றார்களே?

கொன்றார்கள். ‘ழ’ வரவில்லை, ‘ள’ வரவில்லை, சில பாட்டில் சொல்லே வேறாகிவிட்டது. ஆனால் பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் எஸ்.பி.பி.யும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள். சித்ரா மலையாளி. அவர்கள் பாட்டை வைத்துத் தமிழ் உச்சரிப்பு சொல்லிக் கொடுக்கலாம். பிறந்த ஊர் காரணம் இல்லை. ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து “ஓகே” சொன்னவரைக் கேளுங்கள்.

‘தொட்டபெட்டா ரோட்டு மேல முட்டை பரோட்டா’?

‘விஷ்ணு’ (1995), தேவா இசை, விஜய்யும் அவருடைய அம்மா ஷோபாவும் சேர்ந்து பாடியது. இதை மோசம் என்று நீங்கள் சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஊட்டிக்கு வேனில் போகும்போது முதல் கொண்டை ஊசி வளைவில் யார் இதைப் பாட ஆரம்பிக்கிறார்கள் என்று கவனியுங்கள். அநேகமாக மோசம் என்று சொன்னவர்தான்.

80களில் இப்படியெல்லாம் இல்லை, அப்படித்தானே?

80களில் இருந்தவர்கள் 60களைக் காட்டினார்கள். அதற்கும் முன்னால், 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டே தரக்குறைவு என்று ஆகாசவாணியில் அதை அநேகமாக நிறுத்திவைத்தார். ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். கேஸ்கர் குப்பை என்று நினைத்த அந்தக் காலத்துப் பாட்டுகளைத்தான் வாத்தியார் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார்.

அன்றைக்குக் கேவலம் என்ற பாட்டுக்கு இன்றைக்கு எப்படித் தியேட்டரில் விசில்?

‘அசுரன்’ (1995, ஆதித்யன் இசையமைத்த பழைய அசுரன்) படத்தின் ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’யை நான் ஏற்றிக் கொடுத்தது கைவிரல் எண்ணிக்கைதான். 2022இல் ‘விக்ரம்’ படத்தில் அது வந்ததும் கல்லூரிப் பிள்ளைகளின் போன் எல்லாம் அதுதான். ‘ஏழையின் சிரிப்பில்’ (2000, ஒரு வருஷம் தள்ளி, மன்னிக்கவும்) படத்தின் ‘கரு கரு கருப்பாயி’க்கு ‘லியோ’ (2023) வந்து மறுபிறப்பு.

என் மகன் இதை ரசிக்கும்போது ஒன்று தெரிந்தது. அவனுக்கு அந்தப் படம் தெரியாது, சைக்கிள் கடை தெரியாது, அந்தப் பாட்டுக்காக யார் யாரைத் திட்டினார்கள் என்பது தெரியாது. அவன் கேட்பது அடியை மட்டும். மோசம் என்று நாம் சொன்னதில் பாதி, பாட்டைச் சுற்றி இருந்த சமாசாரம். அது கழன்று விழுந்துவிட்டது.

சுற்றி வளைத்தது போதும். உங்கள் கணக்கில் எது?

‘காதல் தேசம்’ (1996), ‘ஹலோ டாக்டர்’.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில் ஃபார்வர்ட் பட்டன் உடைந்திருந்தது. எனக்கு வேண்டியது ‘என்னைக் காணவில்லையே’. அதற்கு ‘ஹலோ டாக்டரை’ முழுசாகக் கேட்டாக வேண்டும், இல்லையென்றால் கேசட்டை வெளியே எடுத்துப் பல்சக்கரத்தில் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். சுற்றிச் சுற்றி ஒருநாள் நாடா சிக்கி, ‘என்னைக் காணவில்லையே’ இருந்த இடம்தான் கசங்கியது. வேண்டாத பாட்டு கணீரென்று மிஞ்சியது. அந்தப் பாட்டின் வரியில் குற்றம் இல்லை, அடியிலும் இல்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் அதுதான்.

என் சித்தப்பா மகனுக்கு அந்தப் படத்திலேயே பிடித்த பாட்டு அது. இருபத்தைந்து வருஷச் சண்டை. போன தை மாசம் அவன் மகள் கல்யாண வரவேற்பில், என்னை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே டிஜேயிடம் போய் அதைப் போடச் சொன்னான். நான் எழுந்து பந்திக்குப் போய்விட்டேன். ரசம் ஊற்றும் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.